எம்டன் கல்வெட்டும் எரிந்த குவிமாடமும்: அடையாளச் சின்னங்கள் ஏன் குறிவைக்கப்படுகின்றன?

சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலை ஒட்டி தினமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அங்கே பதிக்கப்பட்டிருக்கும் சிறிய கல்வெட்டு அவர்களில் பலர் கண்ணில் படுவதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் என்ற போர்க்கப்பல் கடலில் இருந்து சுட்டதை அது நினைவூட்டுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். அதற்குள் கப்பல் இருளில் மறைந்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலிலும் வண்டியிலும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததால் பிரிட்டிஷ் பேரரசுக்கு உண்டான பண நட்டம் பெரிதல்ல. ஆனால் கோட்டையும் கொடிமரமும் காவலாக நிற்கும் நகருக்குள், வாசல்வரை வந்து அடித்துவிட்டு ஒருவன் திரும்பிப் போக முடியும் என்பது தெரிந்துபோயிற்று. கப்பலின் தளபதி கார்ல் ஃபான் முல்லர் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. இந்திய மக்களின் கவனத்தை ஈர்ப்பதும், ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைப்பதும், அவர்களுடைய மதிப்பைக் குறைப்பதுமே தன் எண்ணம் என்று அவர் எழுதியிருக்கிறார்.

எம்டன் செய்தது போர்ச் செயல். சீருடை அணிந்த கடற்படை, அறிவிக்கப்பட்ட போரில், எதிரியின் எரிபொருளைத் தாக்கியது. அதைப் பயங்கரவாதம் என்று சொல்வது நியாயமல்ல. ஆனாலும் ஒரு கேள்விக்கு விடை தேட அந்தக் கல்வெட்டின் எதிரில் நிற்பதுதான் எனக்கு வசதியாக இருக்கிறது. உலகில் எத்தனையோ கட்டடங்கள் இருக்க, பயங்கரவாதிகள் ஏன் சிலவற்றை மட்டும் தேடிப் போகிறார்கள்? எண்ணெய் எரிந்ததைவிட ஆங்கிலேயரின் மதிப்பு குறைந்ததே முக்கியம் என்ற முல்லரின் கணக்கில் அந்த விடையின் முதல் இழை இருக்கிறது.

தமிழர்களுக்கு இது புதிய கணக்கு அல்ல. சங்க காலத்தில் ஒவ்வொரு குடியும் தனக்கென ஒரு காவல் மரம் வைத்திருந்தது. பகைவன் படையெடுத்து வந்தால் அந்த மரத்தை வெட்ட முயல்வான். வெட்டிய மரத்தில் முரசு செய்து முழக்குவான். பழையன் என்ற குறுநில மன்னனின் காவல் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிய செய்தியைப் பழைய பாடல்கள் சொல்கின்றன. வேப்பமரத்துக்காக யாரும் படை திரட்டுவதில்லை. ஓர் ஊர் தன் மானத்தை எதில் முடிந்து வைத்திருக்கிறதோ அதை வெட்டினால், வெட்டு அந்த ஊரார் எல்லோர் மேலும் விழுகிறது. நேரில் வராதவனும், அந்த மரத்தை ஒருநாளும் பார்க்காதவனும் வலியை உணர்கிறான்.

ஆனால் செங்குட்டுவன் தன் படையோடு வந்தான். எதிரே ஒரு படை நின்றது. நம் காலத்தின் பயங்கரவாதி அப்படி வருவதில்லை. அவனிடம் படை கிடையாது. ஓர் அரசைப் போர்க்களத்தில் வெல்ல முடியாது என்பது அவனுக்கே தெரியும். எனவே அவன் வெல்ல நினைப்பது பார்வையாளர்களின் மனத்தை. அமெரிக்க ஆய்வாளர் பிரையன் ஜென்கின்ஸ் 1970களிலேயே இதைச் சுருக்கமாகச் சொன்னார்: பயங்கரவாதம் ஒரு நாடகம், நிறையப் பேர் சாக வேண்டும் என்பதைவிட நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்பதே அவர்களுக்கு முக்கியம். 2001க்குப் பிறகு அந்த வாக்கியத்தின் முற்பாதி பொய்த்துப்போனது. நிறையப் பேர் சாகவும் வேண்டும், உலகமே பார்க்கவும் வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. பிற்பாதி மட்டும் இன்றும் அப்படியே நிற்கிறது.

நாடகத்துக்கு அரங்கம் வேண்டும். தாஜ்மகாலையோ செங்கோட்டையையோ படத்தில் காட்டினால் கீழே பெயர் எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் குழந்தையும் அடையாளம் சொல்லும். அப்படிப்பட்ட இடத்தில் புகை எழுந்தால் அந்தப் படமே செய்தியாகிவிடுகிறது, எந்த மொழிக்காரருக்கும் விளக்கம் தேவையில்லை. செங்கோட்டையில் 2000 டிசம்பர் 22 அன்று தாக்குதல் நடந்தது. ஆண்டுதோறும் சுதந்திர தினத்தில் பிரதமர் கொடியேற்றும் மதில் அது. ஓராண்டு கழித்து, 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் குடியரசின் முகவரியையே தேடி வந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தை 1993 பிப்ரவரியில் வெடிகுண்டு வைத்துத் தகர்க்க முயன்றார்கள். ஆறு பேர் இறந்தார்கள், கட்டடம் நின்றது. எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அதே இரட்டைக் கோபுரத்துக்கே திரும்பி வந்தார்கள். உயிர்ப்பலி மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அதே முகவரிக்கு இரண்டாம் முறை வர வேண்டிய தேவை இல்லை.

சில சமயம் அரங்கம் பொருந்தாமலும் போகும். 1894 பிப்ரவரியில் லண்டனின் கிரீன்விச் வானாய்வகத்தின் அருகே மார்ஷியல் பூர்தன் என்ற பிரெஞ்சு இளைஞனின் கையிலேயே குண்டு வெடித்து அவன் இறந்தான். உலகத்தின் கடிகாரம் திருத்தப்படும் இடத்தைத் தாக்க வந்தானா, குண்டை வேறு யாரிடமாவது கொடுக்கப் போனானா என்பது கடைசிவரை தெரியவில்லை. டைனமைட்டும் மலிவு விலைச் செய்தித்தாளும் ஒரே காலத்தில் பரவிய ஐரோப்பாவில், ஒரு தாக்குதலே கருத்தைப் பரப்பிவிடும் என்ற 'செயலே பிரச்சாரம்' கொள்கை வளர்ந்த நேரம் அது. வெடிப்பும் அச்சும் அன்று ஒன்றையொன்று கண்டுகொண்டன. இன்றுவரை பிரியவில்லை.

மும்பையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

2008 நவம்பர் 26 இரவு கடல்வழி வந்த பத்துப் பேர் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், தாஜ் ஹோட்டல், ஓபராய் டிரைடென்ட் ஹோட்டல், லியோபோல்ட் உணவகம், யூதர்களின் நாரிமன் இல்லம் என்று பிரிந்து சென்று 166 பேரைக் கொன்றார்கள். அந்த நிகழ்வு என்றதும் உங்கள் மனதில் வரும் படம் எது? தாஜின் சிவந்த குவிமாடத்தைச் சுற்றி எழுந்த புகையும் நெருப்பும்தான். ஆனால் தாஜில் இறந்தவர்களைவிட ரயில் நிலையத்தில் இறந்தவர்கள் அதிகம், 50க்கும் மேற்பட்டோர். ஊருக்குப் போக மூட்டைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பயணிகள் அவர்கள். அந்த ரயில் நிலையமும் சாதாரணக் கட்டடம் அல்ல. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாளிகை அது. இருந்தும் அங்கே கொலை அன்றிரவே முடிந்துவிட்டது. தொலைக்காட்சிக் கேமரா வந்தபோது ரத்தமும் செருப்புகளும்தான் மிச்சம். தாஜ் மூன்று நாள் எரிந்தது. மூன்று நாளும் உலகம் பார்த்தது.

அந்த மூன்று நாள் தானாக அமைந்துவிடவில்லை. பாகிஸ்தானில் இருந்தபடி தொலைபேசியில் கட்டளையிட்டவர்களின் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. அவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். வெளியே எந்தப் படை எங்கே நிற்கிறது என்று சொன்னார்கள். தாஜில் தீ வையுங்கள், நெருப்பு வெளியே தெரிய வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். அதாவது, உள்ளே துப்பாக்கி பிடித்தவனுக்குக் கொல்வது வேலை. வெளியே இருந்தவனுக்குக் காட்சி அமைப்பது வேலை. 1903இல் திறக்கப்பட்ட ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் அந்தத் தொலைபேசி உரையாடலில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. பணக்கார இந்தியாவின் முகமாக, வெளிநாட்டினர் தங்கும் இடமாக, கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே ஆயிரக்கணக்கான சுற்றுலாப் படங்களில் பதிந்த உருவமாக அது இருந்தது. எரிந்தால் பார்ப்பார்கள்.

அந்தப் பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்ட கசாப் மீதான வழக்கின் தீர்ப்பில் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. தேசப் பாதுகாப்பையும் வீரர்களின் உயிரையும் சேனல்கள் ஆபத்தில் தள்ளின என்றது. 2015இல் மத்திய அரசு கேபிள் தொலைக்காட்சி விதிகளைத் திருத்தி, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டத் தடை விதித்தது. நடவடிக்கை முடியும்வரை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் தகவலையே ஒளிபரப்பலாம். நல்ல விதி. ஆனால் அது கேபிளுக்கான விதி. இன்று கேமரா ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

அந்த இரவில் ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர் ஒருவர் மாடி அறையில் இருந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, பயணிகளைப் பின்பக்கமாக வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார். பலர் பிழைத்தார்கள். அந்தக் குரலும் அதே 26ஆம் தேதிக்கு உரியதுதான். நம் நினைவில் அது ஏன் குவிமாடத்தின் நெருப்பு அளவுக்குத் தங்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்து வருந்துகிறேன்.

பாக் நீரிணைக்கு அப்பால் நடந்தவற்றைத் தமிழர்கள் வெறும் செய்தியாகப் படித்ததில்லை. 1981 மே இறுதிக்கும் ஜூன் தொடக்கத்துக்கும் இடையே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர்கள் காவல் துறையினரும் அவர்களோடு சேர்ந்து வந்த கும்பலும். ராணுவ மதிப்பு துளியும் இல்லாத கட்டடம் அது. அதனால்தான் எரிக்கப்பட்டது. ஓர் இனம் எதைத் தன் உயிராக நினைக்கிறது என்பதை எரித்தவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள். அடையாளச் சின்னத்தின் மீது கைவைக்கும் கொடுமை தலைமறைவு இயக்கங்களுக்கு மட்டுமே உரியதல்ல. சீருடை அணிந்த கைகளும் அதைச் செய்திருக்கின்றன.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1998 ஜனவரி 25 அன்று, கண்டியின் தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு லாரி வெடித்தது. புத்தரின் பல்லைப் பாதுகாக்கும் கோயில் அது. அந்தப் பல் யாரிடம் இருக்கிறதோ அவரே நாட்டை ஆளும் உரிமை பெற்றவர் என்பது சிங்களரின் பழைய நம்பிக்கை. பத்தே நாளில், பிப்ரவரி 4 அன்று, இலங்கைச் சுதந்திரத்தின் பொன்விழா அதே கண்டியில் நடக்க இருந்தது. இடமும் நாளும் சேர்ந்து குறியானதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. அந்தக் கணக்கில் அவர்கள் ஜெயித்தார்கள். இழந்தது என்ன? அரசு உடனே இயக்கத்தைத் தடைசெய்தது. அரசியலில் அக்கறையே இல்லாத சிங்களக் கிராமத்தாரும் காயப்பட்டார்கள். வழிபட வந்தவர்கள் இறந்தார்கள். நூலகத்தை இழந்த வலியை அறிந்த ஒரு மக்களின் பெயரால் இன்னொரு மக்களின் கோயில் தாக்கப்பட்டதை எந்த நியாயத்தாலும் நான் ஏற்க முடியாது. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த லாரி 91 பேரைக் கொன்றது. பொருளாதாரத்தின் இதயத்தில் அடித்தோம் என்று கணக்குப் பார்த்திருப்பார்கள். இறந்தவர்கள் அந்த வங்கியிலும் சுற்றுப்புறத்திலும் வேலைக்கு வந்தவர்கள், தெருவில் நடந்தவர்கள்.

பார்வையாளர் என்றால் எதிரி மட்டும் அல்ல. தாக்குகிறவனுக்குத் தன் பக்கத்து ஆட்களும் பார்வையாளர்களே. பெரிய இடத்தில் கைவைத்தவன் என்ற பெயர் வந்தால் ஆள் சேரும், பணம் சேரும், போட்டி இயக்கத்தின் முன் தலை நிமிரும். மூன்றாவதாக இன்னொரு கணக்கும் உண்டு, அதுவே மிகக் கொடியது. 2006 பிப்ரவரி 22 அன்று இராக்கின் சாமரா நகரில் ஷியா முஸ்லிம்கள் போற்றும் அல் அஸ்கரி மசூதியின் பொற்குவிமாடத்தைத் தகர்த்தார்கள். அந்த வெடிப்பில் உயிர்ப்பலி இல்லை. ஆனால் அடுத்த நாட்களிலும் மாதங்களிலும் பழிவாங்கல் கொலைகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். குண்டு வைத்தவர்களின் வேலை ஒரு விடியற்காலையோடு முடிந்துவிட்டது. மிச்ச வேலையை ஆத்திரமடைந்த மக்களே ஒருவர்மீது ஒருவர் செய்துகொண்டார்கள். புனித இடங்கள் குறிவைக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: கோபத்தில் எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்பதைக் கணித்துத்தான் தாக்குகிறார்கள்.

சின்னங்களை எதிர்ப்பது என்றாலே ரத்தம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1857 எழுச்சியை ஒடுக்கியபோது கொடூரமாக நடந்துகொண்ட கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் தொடங்கியது. தொண்டர்கள் பட்டப்பகலில் சுத்தியலோடும் கோடரியோடும் வந்தார்கள், தாங்களே கைதானார்கள், சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சிறு மகளோடு அந்தப் போராட்டத்தில் பங்கேற்றார். சிலை உடனே போகவில்லை. 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை வந்த பிறகே அது அங்கிருந்து அகற்றப்பட்டது, பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. பேரரசு தன் மானத்தை முடிந்து வைத்திருந்த சின்னம் அது. வழிப்போக்கர் ஒருவர் மேலும் கீறல் விழவில்லை. தண்டனையைத் தன் உடம்பில் ஏற்றவர்களுக்கும், முகம் தெரியாத பயணியின் உடம்பில் ஏற்றுபவர்களுக்கும் உள்ள தூரம் அது.

இனி நம் நகரத்தின் காயங்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழீழ ராணுவம் என்ற குழுவின் வேலை அது. அவர்களுடைய குறி மீனம்பாக்கம் அல்ல, கொழும்பு. பெட்டிகள் விமானம் ஏறாமல் இங்கேயே தங்கிவிட்டன. அடையாளம், நோக்கம், அரசியல் என்று எவ்வளவு பேசினாலும் குண்டுக்கு அவை தெரியாது. அது இருக்கும் இடத்தில் வெடிக்கும். 2014 மே 1 காலையில் சென்ட்ரலின் ஒன்பதாவது நடைமேடையில் நின்ற குவாஹாட்டி - பெங்களூரு விரைவு ரயிலில் இரண்டு குண்டுகள் வெடித்தன. ஓர் இளம்பெண் இறந்தார், பதினான்கு பேர் காயமடைந்தார்கள். அன்று அந்த ரயில் தாமதமாக வந்திருந்தது. எனவே குறி சென்னையே அல்ல என்ற ஐயமும் அப்போது எழுந்தது. 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரலின் சிவப்புக் கட்டடமும் கடிகாரக் கோபுரமும் நமக்குச் சென்னையின் முகம். வைத்தவனுக்கு அது ஒரு ரயில் பெட்டியாக மட்டுமே இருந்திருக்கலாம்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சின்னங்களைப் பற்றி அதிகம் பேசினால், பயங்கரவாதம் எப்போதும் பெரிய கட்டடங்களையே தேடி வருகிறது என்ற மயக்கம் வந்துவிடும். உலகெங்கும் நடக்கும் தாக்குதல்களில் பெரும்பாலானவை சந்தைகளிலும் சாலைகளிலும் காவல் நிலையங்களிலும் பெயர் தெரியாத ஊர்களிலும் நடப்பவை. கோவையில் 1998 பிப்ரவரி 14 அன்று 58 உயிர்களைப் பறித்த குண்டுகள் வெடித்தது மக்கள் தினமும் புழங்கும் தெருக்களில். பெரிய சின்னங்களுக்கு வேலி உயர உயர, குறி வேலி இல்லாத இடத்துக்கு நகர்கிறது. மும்பைக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புப் படையின் மையம் ஒன்று சென்னைக்கும் வந்தது. கடலோரக் காவல் பலப்பட்டது. தேவையானவை. ஆனால் மதில் எழுப்பிக் காக்கக்கூடிய இடங்கள் எண்ணிக்கையில் சில. மக்கள் கூடும் இடங்கள் எண்ணிக்கையில் அடங்காதவை.

சென்னையில் நாட்களும் சின்னங்களாகிவிட்டன. டிசம்பர் 6 நெருங்கினால் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் மோப்ப நாய்கள் வரும், கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் முன்னால் போலீஸார் கூடுதலாக நிற்பார்கள். குடியரசு தினமும் சுதந்திர தினமும் வந்தால் விமான நிலையத்தில் பார்வையாளர் டிக்கெட் நிறுத்தப்படும். 1992இல் அதே நாளில் அயோத்தியில் இடிக்கப்பட்ட ஒரு மசூதியின் நிழல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆயிரம் கல் தொலைவில் உள்ள ஒரு நகரின் நாட்காட்டியில் விழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது குண்டுகூடத் தேவைப்படுவதில்லை. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையின் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. எதுவும் இல்லை, புரளி. ஆனால் அந்த அரை நாள் பள்ளி வாசல்களில் நின்ற பெற்றோரின் முகங்களைப் பார்த்தவர்கள் அதைப் புரளி என்று எளிதாகக் கடந்துவிட மாட்டார்கள். என் தங்கையும் அன்று ஒரு வாசலில் நின்றாள். மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் அவள் கை நடுங்கியது. அதற்குப் பிறகு விமான நிலையம், அரசியல் தலைவர்களின் வீடுகள், தூதரகங்கள் என்று மிரட்டல்கள் தொடர்ந்தன. அனுப்புகிறவனுக்குச் செலவு இல்லை. இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும், அச்சத்துக்கு வேண்டிய மீதியெல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

எம்டனை இந்த நகரம் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. சென்னையைச் சுட்ட ஏழாவது வாரத்தில், 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் அது வீழ்ந்தது. ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் அந்தக் கப்பலின் பெயரைத் தமிழில் சேர்த்துக்கொண்டார்கள். கெட்டிக்காரனையும் கண்டிப்பான ஆளையும் 'சரியான எம்டன்' என்றார்கள். எங்கள் வீட்டில் பாட்டி, தாத்தாவுக்குக் காது கேட்காத தூரத்தில் வைத்து அவரை அப்படித்தான் சொல்வார். அது ஒரு கப்பலின் பெயர் என்பது பாட்டிக்குத் தெரியாது. எனக்கும், கல்லூரிக் காலத்தில் பாரிமுனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மாலையில் அந்தக் கல்வெட்டைப் படிக்கும்வரை தெரியாது.